அர்ஜி ரிப்போர்ட்டுக்கு முந்தின நாள்

ஒரு ஜவான் தொடர்ந்து இரண்டு வேளை லங்கர் (ராணுவச் சமையற்கூடம்) பக்கமே வரவில்லை என்றால், ராணுவத்தில் அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சாப்பாட்டை மறுக்கிறான் என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நான் எங்கள் கம்பெனியின் (படைப்பிரிவின்) சீனியர் ஜே.சி.ஓ.வாக இருந்த சமயம் அது. ஜே.சி.ஓ. என்றால் ஜவான்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவில் இருக்கிற ரேங்க்; எங்களை 'சாப்' என்று கூப்பிடுவார்கள். லங்கர் கமாண்டர் ஒருநாள் காலையில் வந்து, "சாப், அந்தப் புதுப் பையன் நேத்து ராத்திரியும் வரல, இன்னைக்கும் வரல" என்றார்.

ஜவான்கள் தங்கும் பாரக்கில் அவன் தன் கறுப்பு டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். வயது 21. என்னைக் கண்டதும் எழுந்து விறைப்பாக நின்றான். முழுக்கைச் சட்டை, முழங்கை இருக்கிற இடத்தில் தோலோடு ஒட்டிப்போயிருந்தது. சட்டையைச் சுருட்டச் சொன்னேன். துணி பிரியும்போது பல்லைக் கடித்துக்கொண்டான். இரண்டு முழங்கையிலும் சரளைக்கல் பொடி இன்னும் காயத்துக்குள்ளேயே இருந்தது.

"என்னாச்சு தம்பி?"

"விழுந்துட்டேன் சாப்."

மேற்கொண்டு கேட்கவில்லை. எம்.ஐ. ரூமுக்கு (மருத்துவ அறைக்கு) அனுப்பிவிட்டு, அங்கே சிகிச்சைக்கு வருகிறவர்களைப் பதிகிற சிக் ரிப்போர்ட் புத்தகத்தைப் புரட்டினேன். அந்த மாதத்தில் அவன் பெயர் ஏற்கெனவே இரண்டு தடவை இருந்தது. இரண்டிலும் காரணம் 'விழுந்தது'. டூட்டி ரோஸ்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு தேதிக்கும் முந்தின ராத்திரி பாரக் பொறுப்பில் இருந்தது ஒரே ஹவில்தார் (ஜே.சி.ஓ.வுக்கு அடுத்த கீழ்ப் படி).

இதையெல்லாம் அன்றைக்கு நான் தேடிப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. ஆறு வருடம் முன்னால் ஒருத்தன் வாய் திறந்து சொன்னபோதே நான் தேடவில்லை.

அப்போது நான் நாயப் சுபேதார், ஜே.சி.ஓ. ரேங்குகளில் முதல் படி. புதுசாகக் கிடைத்த பதவி. ஒரு சிப்பாய் வந்து, தன் செக்‌ஷன் நாயக் (ஹவில்தாருக்கு ஒரு படி கீழே) எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்ததாகவும், கேன்டீன் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை என்றும் சொன்னான். அர்ஜி ரிப்போர்ட்டில், அதாவது குறை சொல்ல அதிகாரி முன்னால் போகிற முறையில், போய் கம்பெனி கமாண்டரைப் பார்க்கவேண்டும் என்றான். நான் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று பேசி, கைகுலுக்க வைத்து, பையனை வேறு பிளட்டூனுக்கு (கம்பெனிக்குள் இருக்கும் இன்னொரு பிரிவுக்கு) மாற்றினேன். பிரச்சினை தீர்ந்தது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மாற்றப்பட்டது அடிவாங்கியவன். படையில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: தப்பு அவன்மேல். புதுப் பிளட்டூனில் அவனுக்கு 'கம்ப்ளைண்ட் பார்ட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்புறம் லீவில் போனவன் சொன்ன தேதிக்குத் திரும்பவில்லை. 19 நாள் கழித்துத் தானாகவே வந்து சேர்ந்தான். தொப்பியும் பெல்ட்டும் கழற்றப்பட்டு, இரண்டு பக்கமும் ஆள் நிற்க, சி.ஓ. (பட்டாலியனின் தலைமை அதிகாரி) முன்னால் நடத்திக்கொண்டு போனார்கள். ஏன் வரவில்லை என்று சி.ஓ. கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. சுவரோரம் நின்ற என்னை ஒரு தடவை பார்த்தான், அவ்வளவுதான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. 14 நாள் டிடென்ஷன், அதாவது காவலில் அடைப்பு. அவன் நடத்தைப் பதிவில் சிவப்பு மையில் ஏறியது. சிவப்பு மைப் பதிவு நாலு சேர்ந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பவே வழி உண்டு. அறைந்த நாயக்கின் தாளில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

அந்தப் பார்வை என்னை விடவே இல்லை.

சட்டத்தில் ஓட்டை இருப்பதால்தான் இப்படி நடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1950-ஆம் வருட ராணுவச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 47-ஆவது பிரிவு, தனக்குக் கீழே இருப்பவனை அடித்தாலோ வேறு விதத்தில் கொடுமைப்படுத்தினாலோ 7 வருடம் வரை சிறை என்கிறது. 26-ஆவது பிரிவு, மேலே இருப்பவரால் தனக்கு அநீதி நடந்ததாக நினைக்கிற எந்த ஜவானும் தன் கம்பெனி கமாண்டரிடம் புகார் சொல்லலாம் என்கிறது. புகாரே கம்பெனி கமாண்டர்மேல் என்றால் அவருக்கு மேலே இருப்பவரிடம் போகலாம். புகாரைக் கேட்ட அதிகாரி முடிந்தவரை முழுசாக விசாரித்தே ஆகவேண்டும். எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது.

ஆனால் கம்பெனி கமாண்டரின் கதவு வரைக்கும் ஒரு ஜவான் எப்படிப் போவான்? செக்‌ஷன் கமாண்டரிடம் சொல்லவேண்டும், அவர் பிளட்டூனில் சொல்வார், சி.எச்.எம். (கம்பெனி ஹவில்தார் மேஜர்) அர்ஜி ரிப்போர்ட் ரிஜிஸ்டரில் பெயர் எழுதவேண்டும், பிறகு சீனியர் ஜே.சி.ஓ. பார்ப்பார். அடித்தவர் இந்த வரிசையிலேயே ஒருவராக இருப்பார், அல்லது இதில் ஒருவரோடு பத்து வருடம் ஒரே பாரக்கில் படுத்தவராக இருப்பார். "எதுக்கு?" என்று நாலு பேர் கேட்பார்கள். ஒவ்வொரு தடவை பதில் சொல்லும்போதும் பையனின் குரல் கொஞ்சம் இறங்கும். கூடவே ஒருவர், பொய்ப்புகார் கொடுத்தால் 5 வருடம், 56-ஆவது பிரிவு என்பதையும் காதில் போட்டுவிடுவார். பொய் என்று தெரிந்தோ, பொய் என்று நம்பக் காரணம் இருந்தோ சொன்னால்தான் அந்தப் பிரிவு பாயும் என்பதைச் சொல்லமாட்டார். மறுநாள் காலை ரிஜிஸ்டரில் அந்தப் பெயர் இருக்காது. ஜவான்களைக் கூட்டிக் குறை கேட்கும் மாதாந்திர சைனிக் சம்மேளனத்தில் சி.ஓ. "ஏதாவது பாயிண்ட் உண்டா?" என்று கேட்கும்போது வெந்நீர் வரவில்லை, ரொட்டி வேகவில்லை என்பதுதான் வரும்.

2017 ஜனவரியில் ஜவான்கள் சிலர் செல்போனில் வீடியோ எடுத்துப் போட்டு நாடே பேசியது ஞாபகம் இருக்கும். எல்லைப் பாதுகாப்புப் படைக்காரர் ஒருவர் சாப்பாட்டைப் பற்றி, ராணுவத்தில் இருந்த ஒருவர் அதிகாரிகளுக்கு எடுபிடியாக இருக்கும் சஹாயக் வேலையைப் பற்றி. அப்போது தளபதியாக இருந்த ஜெனரல் பிபின் ராவத், வீடியோ போடவேண்டாம், குறை சொல்லப் பெட்டி வைக்கிறேன் என்று அறிவித்தார். பெட்டி நல்லதுதான். ஆனால் மலைமேல் போஸ்டில் ராத்திரி பத்து மணிக்கு உதை வாங்குகிறவனுக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது பெட்டி இல்லை, என் மாதிரி ஒரு சாப்.

சரி, அந்த 21 வயதுப் பையனிடம் வருகிறேன். சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தேன். நாற்காலியில் உட்காரவே தயங்கினான். சிக் ரிப்போர்ட் தேதிகளையும் ரோஸ்டர் தேதிகளையும் ஒரே தாளில் எழுதி அவன் முன்னால் வைத்து, "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். இது சரியா, தப்பா மட்டும் சொல்லு" என்றேன். ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சின்னக் குரலில், "மூணாவது தேதி விட்டுப்போச்சு சாப்" என்றான். அன்றைக்கு ராத்திரியே அவனைக் கூட்டிக்கொண்டு கம்பெனி கமாண்டர் வீட்டுக்குப் போனேன். சின்ன வயசு மேஜர். அவர் செய்த ஒரு காரியத்துக்காக அவரை இன்றும் மனதில் வைத்திருக்கிறேன். விடிவதற்குள் ஹவில்தாரை வேறு கம்பெனிக்கு மாற்ற ஏற்பாடு செய்தார். பையன் தன் கட்டிலிலேயே இருந்தான்.

சி.ஓ. கோர்ட் ஆஃப் இன்க்வயரிக்கு (உண்மையைக் கண்டறியும் ராணுவ விசாரணைக்கு) உத்தரவிட்டார். அங்கேதான் அடுத்த கஷ்டம். ராணுவ விதி 180-ன்படி, ஒருவரின் நற்பெயர் சம்பந்தப்பட்ட விசாரணை என்றால் அவர் முழு நேரமும் அறையில் உட்காரலாம், சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். 17 வருட சர்வீஸ் ஹவில்தார் எதிரில் உட்கார்ந்திருக்க, இரண்டு வருட சர்வீஸ் சிப்பாய் என்ன சொல்வான்? முதல் மூன்று சாட்சிகள் "நான் தூங்கிட்டேன்" என்றார்கள். ஆனாலும் அந்த விதி வேண்டும் என்பதுதான் என் கருத்து. பொய்ப்புகாரில் மாட்டுகிறவனுக்கு அதை விட்டால் வேறு காப்பு இல்லை. நாலாவது சாட்சி நான். புத்தகத்தையும் ரோஸ்டரையும் நீட்டினேன். தாளில் தேதி வந்த பிறகு, தூங்கியவர்களில் ஒருவன் திரும்ப வந்து, தான் விழித்திருந்ததாகச் சொன்னான். சரளைமேல் உருளும் சத்தத்தைக் கேட்டதாகச் சொன்னான்.

கடைசியில் சம்மரி கோர்ட் மார்ஷல், அதாவது சி.ஓ.வே நடத்தும் ராணுவ நீதிமன்றம். ஹவில்தார் நாயக்காக இறக்கப்பட்டார். அவரை அரக்கன் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. தானும் ரங்கரூட்டாக (புதிதாகச் சேர்ந்தவனாக) இருந்தபோது ரக்டா (உடலை வருத்தும் தண்டனைப் பயிற்சி) வாங்கித்தான் வளர்ந்தேன், அதனால்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று உண்மையாகவே நம்பினார். நானும் வாங்கியிருக்கிறேன். பகலில், மைதானத்தில், உஸ்தாத் (பயிற்சியாளர்) எல்லோர் முன்னாலும் கொடுத்த ரக்டா பயிற்சி முடிந்ததும் முடிந்துவிடும். இது ராத்திரியில், ஒருத்தனை மட்டும் தேடி வந்தது. 80-ஆவது பிரிவில் சி.ஓ. கொடுக்கக்கூடிய தண்டனைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் பதிவில் ஏறும். சரளையில் உருட்டுவது அந்த வரிசையில் இல்லை, எந்த ரிஜிஸ்டரிலும் அதற்குக் கட்டம் கிடையாது.

அதற்குப் பிறகு ஓய்வுபெறும் வரை, கம்பெனிக்கு வருகிற ஒவ்வொரு புதுப் பையனுக்கும் முதல் வாரத்திலேயே 26-ஆவது பிரிவை அவனவனுக்குப் புரிகிற மொழியில் சொல்லிவிடுவேன். மேலிருந்த சிலருக்கு அது பிடிக்கவில்லை.

இப்போது பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் அக்னிவீராக இருக்கிறான். நாலு வருடச் சேவை, முடிவில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தவன் ரொம்ப நேரம் மழையைப் பற்றியே பேசினான். பிறகு, "மாமா, ஒருத்தர் ராத்திரி கூப்பிட்டு வச்சு ரொம்பப் படுத்துறாரு. நான் சொன்னா, நாலு வருஷம் முடிஞ்சதும் என்னைய வச்சுக்குவாங்களா? மார்க்கு அவங்க கையிலதானே இருக்கு?" என்றான்.

வைத்துக்கொள்வார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. சொல்லவும் இல்லை. தேதி, நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள், மூன்றையும் இன்றிலிருந்து எழுதி வை என்றேன். காயம் பட்டால் எம்.ஐ. ரூமில் 'விழுந்தது' என்று சொல்லாதே என்றேன். உன் சீனியர் சாப் எந்த ஊர், எப்படிப்பட்டவர் என்று விசாரித்தேன். கேரளாக்காரர், நல்லவர் மாதிரித்தான் தெரிகிறது என்றான். அவரிடம் தனியாகப் போய்ச் சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த ஞாயிறு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டான்.

இன்று வியாழன்.