ஒரு யூரோவும் போட்டிசெல்லியும்

ஓவியம் படிக்க ஐரோப்பாவுக்குக் கிளம்புகிறவனுக்கு விசா, விடுதி, கம்பளிச் சட்டை, ஊறுகாய் என்று அறிவுரை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கழிப்பறையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. இத்தாலியில் ஃபுளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்தில் இறங்கி, ஒரு கையில் பெட்டியும் மறுகையில் ஏ1 அளவு ஓவிய உறையுமாக அந்தத் திசையில் விரைந்தபோது, வாசலில் இருந்த தானியங்கித் தடுப்பு ஒரு யூரோ கேட்டது. கும்பகோணம் பேருந்து நிலையத்தில் ஐந்து ரூபாய்ச் சில்லறைக்காக வாக்குவாதம் செய்த பரம்பரையில் வந்தவனுக்கு, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 90 ரூபாயை அந்தக் காரியத்துக்குக் கொடுப்பதென்பது எளிதில் மனம் ஒப்பும் செயலன்று. ஆனால் மனம் ஒப்பும்வரை உடல் காத்திருக்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், வீட்டுக்குள் இத்தாலியைப் போன்ற நாகரிகமான நாடு ஐரோப்பாவில் குறைவு. ஒவ்வொரு குடியிருப்பிலும் குறைந்தது ஒரு குளியலறையிலாவது, கழுவிக்கொள்வதற்கான 'பிதே' என்ற பீங்கான் தொட்டி இருந்தே ஆக வேண்டும் என்று 1975ஆம் ஆண்டு வெளியான அரசாணையே இருக்கிறது. அறை வாடகைக்குப் பார்க்கச் சென்றபோது, வீட்டுக்காரப் பாட்டி பலகணியையும் அதன் வழியே தெரிந்த தேவாலயக் குவிமாடத்தையும் பெருமையாகக் காட்டிக்கொண்டிருக்க, நான் குளியலறை வாசலிலேயே முன்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டேன். அதற்கு முந்தைய வாரம் ஜெர்மனியில் தண்ணீர் பாட்டிலுடன் பட்ட பாட்டை அவரிடம் விளக்குவதற்கு என்னுடைய இத்தாலிய மொழி போதாது.

சிக்கல் தெருவில்தான். அங்கே எல்லோரும் செய்வது, ஏதேனும் ஒரு 'பார்' என்ற காப்பிக்கடைக்குள் நுழைந்து, முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் காட்டி, நின்றபடியே ஒரு மிடறு எஸ்பிரெஸோ குடித்துவிட்டுக் கழிப்பறைச் சாவியைக் கேட்பது. உட்கார்ந்து குடித்தால் விலை ஏறும் என்பதால் மாணவர்கள் எவரும் உட்கார்வதில்லை. இந்த ஏற்பாட்டில் உள்ள குறை, ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் காப்பியே நம்மை அடுத்த பாரின் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். பழைய கடனை அடைக்கப் புதிய கடன் வாங்குகிறவனின் கணக்கு அது.

இதிலிருந்து என்னைக் காப்பாற்றியது மறுமலர்ச்சிக் கலைதான். நுண்கலை அகாடமி மாணவர்களுக்கு இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் கட்டணம் கிடையாது. சேர்க்கைச் சான்றிதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால், 1560இல் கட்டடக் கலைஞர் வசாரி கட்டத் தொடங்கிய உஃபிஸி அருங்காட்சியகமே நம்முடைய பொதுக் கழிப்பிடம். கோடையில் வரிசையைப் பார்த்ததும் ஒரு யூரோவே தேவலை என்று தோன்றும். குளிர்காலத்திலோ அரசனைப் போல நுழையலாம். வந்த வேலையை மட்டும் முடித்துவிட்டுத் திரும்புவது, அதைக் கட்டுவித்து ஊரையும் ஆண்ட மெதிச்சி குடும்பத்துக்குச் செய்யும் அவமரியாதை என்று பட்டதால், வெளியேறும் முன் ஒரு ஓவியத்தையாவது நின்று பார்ப்பது என்ற நெறியை வகுத்துக்கொண்டேன். அந்த ஒன்று பெரும்பாலும் மறுமலர்ச்சிக் கால ஓவியர் போட்டிசெல்லியின் 'வீனஸின் பிறப்பு' ஆகவே அமைந்தது. வீனஸ் தேவதையின் கழுத்து இயல்புக்கு மீறி நீண்டிருப்பதும், இடத்தோள் எந்த மனித உடலிலும் காண முடியாத சரிவில் இறங்குவதும், பின்னால் உள்ள கடலின் அலைகள் வெறும் கோணங்களாகத் தீட்டப்பட்டிருப்பதும், அவசரமெல்லாம் தீர்ந்த நிம்மதியான மனநிலையில் பார்க்கும்போது மிகத் தெளிவாகத் தெரியும்.

ஒருநாள் வகுப்பில் பேராசிரியர் அந்த அலைகளை நினைவிலிருந்து வரையச் சொன்னார். மற்றவர்கள் ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலை அளவுக்குப் பொங்கவிட்டிருக்க, என்னுடைய தாளில் மட்டும் போட்டிசெல்லியின் அடக்கமான கோணங்கள் இருந்தன. எத்தனை முறை பார்த்திருக்கிறாய் என்று கேட்டார். பெரும்பாலும் தினமும் போகிறேன் என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை. கடல் கடந்து வந்த மாணவனுக்குள்ள பக்தி உள்ளூர்க்காரர்களுக்கு இல்லையே என்று அவர் வகுப்பையே கடிந்துகொண்டார். இதைக் கேட்ட அம்மா, "எம்புள்ள ஒருநாள் விடாம மியூசியத்துக்குப் போறானாம்" என்று தஞ்சாவூர்ப் பெரியம்மா வரைக்கும் செய்தி சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை மட்டும் சோதனை நாள், ஏனெனில் அன்று உஃபிஸிக்கு விடுமுறை. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள போபோலித் தோட்டம் திங்களன்றும் திறந்திருக்கும், ஆனால் மாதத்தின் முதல் திங்களும் கடைசித் திங்களும் அதற்கும் விடுமுறை. ஆகவே அமாவாசை, கிருத்திகை பார்க்கும் பக்தியோடு நாட்காட்டியில் அந்த நாட்களைக் குறித்துவைத்துக்கொண்டு, அன்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வேன்.

பாரிஸில் நிலைமை வேறு. அங்கே நடைபாதைத் தானியங்கிக் கழிப்பறைகளை 2006இல் இலவசமாக்கிவிட்டார்கள். ஒருவர் வெளியேறிக் கதவு மூடியதும் உள்ளே முழுவதையும் இயந்திரமே கழுவிவிடும். அதன் பிறகே அடுத்தவருக்குத் திறக்கும். உடன் வந்த வகுப்புத் தோழன் நன்றாக வளர்க்கப்பட்டவன். வெளியே வந்தவன், காத்திருந்த மூதாட்டி ஒருவருக்காகக் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு, தலை தாழ்த்தி உள்ளே வரும்படி அழைத்தான். உள்ளே போனால் இயந்திரம் தன்னையும் சேர்த்தே குளிப்பாட்டிவிடும் என்பதை அறிந்த அந்த அம்மையார் கைத்தடியால் அவனை விலக்கிக் கதவைச் சாத்தினார். அவர் சொன்ன சொற்களின் பொருள் எங்களுக்குத் தெரியாமல் போனது நல்லதே.

ரோமில்தான் நான் சந்தேகத்துக்கு ஆளானேன். நவீன கலைக்கான தேசிய அருங்காட்சியகத்தில் கலைஞர் மார்செல் டுஷாம்பின் 'நீரூற்று' இருக்கிறது. 1917இல் நியூயார்க்கில், எவருடைய படைப்பையும் மறுக்க மாட்டோம் என்று அறிவித்த கண்காட்சிக்கு, கடையில் வாங்கிய சிறுநீர்க்கலத்தில் போலிப் பெயரைக் கையெழுத்திட்டு அவர் அனுப்ப, அதை மட்டும் காட்சிக்கு வைக்காமல் ஒதுக்கிவிட்டார்கள். மூலம் தொலைந்துபோயிற்று, 1964இல் அவருடைய ஒப்புதலோடு செய்யப்பட்ட பிரதிகளில் ஒன்றே ரோமில் உள்ளது. பிரான்சின் நீம் நகரில் 1993இல் இன்னொரு பிரதி காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தபோது பியேர் பினொன்செல்லி என்ற கலைஞர் அதில் சிறுநீரே கழித்தார். அதையும் கலைச்செயல் என்றே வாதிட்டார். காவலர்களின் உலகில் இத்தகைய செய்திகள் எளிதில் மறக்கப்படுவதில்லை போலும்.

நான் அதன் முன் வெகுநேரம் நின்றேன். காலையில் குடித்த இரண்டு காப்பிகள் தங்கள் வேலையைத் தொடங்கியிருந்தன. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, அருகில் இருந்த காவலர் அம்மாவிடம், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று என்னுடைய மிகச் சிறந்த இத்தாலிய மொழியில் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. முதலில் நகர்ந்து வந்து எனக்கும் டுஷாம்புக்கும் நடுவில் நின்றார். பிறகு கம்பியில்லாக் கருவியில் சக ஊழியர் ஒருவரை அழைத்தார். அவர் என்னைக் கழிப்பறை வாசல் வரைக்கும் உடன் வந்து, நான் உள்ளே சென்று தாழிடும் ஓசை கேட்கும்வரை நின்றுவிட்டுத்தான் போனார்.