அரை நாளில் தில்லியின் போர் நினைவுச் சின்னங்கள்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 7, வெள்ளி

வேலூரிலிருந்து சித்தப்பா வந்திருக்கிறார். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். காஷ்மீருக்கும் பஞ்சாபுக்கும் போகும் வழியில் பலமுறை தில்லியில் ரயில் மாறியிருந்தாலும், ஊரை நின்று பார்த்ததில்லை என்கிறார். ஆகவே நாளை காலை கரோல் பாக்கிலிருந்து புறப்படும் அரை நாள் சுற்றுலா ஒன்றில் இருவருக்கும் இடம் பதிவு செய்துவிட்டேன். போர் நினைவுச் சின்னங்களோடு நகரின் முக்கிய இடங்களையும் காட்டி, மதிய உணவு வேளைக்குள் கொண்டுவந்து விட்டுவிடுவார்களாம். பட்டியலில் பிரார் சதுக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டமும் இருந்ததுதான் என்னை ஈர்த்தது, ஏனென்றால் சாதாரணச் சுற்றுலாப் பேருந்துகள் அந்தப் பக்கம் போவதே இல்லை.

மார்ச் 8, சனி

போய் வந்தாயிற்று. வண்டி சுத்தமாக இருந்தது, சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டது, வழிகாட்டியாக வந்த இளைஞர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் தெளிவாகப் பேசினார், வயதானவர்கள் ஏறி இறங்கப் பொறுமையாகக் காத்திருந்தார். இவ்வளவுக்கும் அவர்களைப் பாராட்ட வேண்டும். குறை வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் வடக்குக் குன்றின் மேல் இருக்கும் அஜித்கட். 1857 எழுச்சியை அடக்கிய ஆங்கிலேயப் படையின் நினைவாக 1863இல் செந்நிறக் கல்லால் எழுப்பிய கோபுரம் அது. சுற்றிலும் பதித்த பலகைகளில் அந்தப் படையில் இறந்தவர்களையும் காயமுற்றவர்களையும் ஐரோப்பியர், உள்நாட்டார் என்று பிரித்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். விடுதலையின் இருபத்தைந்தாம் ஆண்டான 1972இல் அரசாங்கம் கோபுரத்தை இடிக்கவில்லை, பழைய எழுத்தை அழிக்கவும் இல்லை. பெயரை மட்டும் மாற்றிவிட்டு, இங்கே 'எதிரி' என்று குறிக்கப்பட்டவர்கள் அந்நிய ஆட்சியை எதிர்த்து நாட்டு விடுதலைக்காகத் தீரத்துடன் போரிட்டவர்களே என்று ஒரு புதிய பலகையைப் பக்கத்தில் பதித்தது. தோற்றவர்களின் பக்கத்து நியாயத்தை வென்றவர்களின் சின்னத்திலேயே எழுதி வைத்த அந்தச் செயலை நான் மிகவும் மதிக்கிறேன். வழிகாட்டியும் இதை நன்றாகவே விளக்கினார். இன்றைய நாளின் சிறந்த பகுதி இதுதான்.

காஷ்மீரி கேட்டையும் செங்கோட்டையையும் வண்டியில் இருந்தபடியே பார்த்தோம். ஷாஜகானைப் பற்றிச் சொன்னவர், சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட இந்திய தேசிய ராணுவத்தின் அதிகாரிகளை 1945 நவம்பரில் அந்தக் கோட்டைக்குள்தான் விசாரித்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள். போர் நினைவுச் சுற்றுலா என்று பெயர் வைத்துக்கொண்டு இதை விட்டிருக்கக் கூடாது. பங்ளா சாஹிப் குருத்வாரா, கன்னாட் பிளேஸ், விஜய் சௌக் ஆகியவை வழக்கம்போல் கழிந்தன.

தீன் மூர்த்தியில் வண்டி நிற்கவே இல்லை. வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அருகில் இருப்பது நேரு வாழ்ந்த மாளிகை என்று சொன்னதோடு சரி. அந்த மாளிகைக்குப் பெயர் தந்ததே வட்டத்தின் நடுவில் நிற்கும் மூன்று சிலைகள்தாம். ஐதராபாத், மைசூர், ஜோத்பூர் சமஸ்தானங்களின் குதிரைப்படை வீரர்களைக் குறித்து 1922இல் அவற்றை வைத்தார்கள். அந்தப் படையினர் 1918 செப்டம்பர் 23 அன்று இன்றைய இஸ்ரேலில் உள்ள ஹைஃபா நகரைக் கைப்பற்றியதன் நினைவாக 2018இல் அந்த இடம் தீன் மூர்த்தி ஹைஃபா சௌக் ஆனது. இந்தியா கேட்டுக்கும் மூத்த நினைவுச் சின்னம் அது, இறங்கி ஐந்து நிமிடம் நின்றிருக்கலாம்.

கடைசியில் பிரார் சதுக்கம். நேரமாகிவிட்டது என்று வாசலில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். உள்ளே நுழைந்து இரண்டு வரிசையைப் படிப்பதற்குள் அழைத்துவிட்டார்கள். சித்தப்பா வழி முழுவதும் ஒன்றும் பேசவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று இந்தியா கேட்டைப் பற்றி எழுதவில்லை, அதைத் தனியாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அங்கே முக்கால் மணி நேரத்துக்கு மேல் கொடுத்தார்கள், அதில் பெரும்பகுதி படம் எடுப்பதில் போனது. 1921இல் அடிக்கல் நாட்டி, 1931 பிப்ரவரியில் திறந்து வைத்த வளைவு, லட்யன்ஸின் வடிவமைப்பு, 42 மீட்டர் உயரம் என்று வழிகாட்டி சொன்னதெல்லாம் சரி. ஆனால் முதல் உலகப் போரில் இறந்த எழுபதாயிரம் இந்திய வீரர்களின் பெயர்களும் இந்தச் சுவர்களில் உள்ளன என்றும் சொன்னார். அது சரியல்ல. வளைவு எழுபதாயிரம் பேருக்கும் மேலானோரின் நினைவைப் போற்றுகிறது என்பது உண்மைதான், ஆனால் பெயர் பொறிக்கப்பட்டவர்கள் 13,000-க்குச் சற்று மேல். பெரும்பாலும் வடமேற்கு எல்லையிலும் 1919இல் நடந்த மூன்றாம் ஆப்கானியப் போரிலும் இறந்தவர்கள் அவர்கள். உச்சியில் இருக்கும் வாசகமே பிரான்ஸிலும் மெசபடோமியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் வீழ்ந்தவர்களைத் தனியாகவும், பெயர் பொறிக்கப்பட்டவர்களைத் தனியாகவும் குறிப்பிடுகிறது.

இது எண்ணிக்கையைத் திருத்தும் சின்ன விஷயம் அல்ல. வெளிநாட்டில் இறந்தவர்களின் பெயர் எங்கே என்று கேட்டால்தான் உண்மையான கதை தொடங்குகிறது. ஐரோப்பாவின் மேற்குப் போர்முனையில் இறந்தவர்களில் கல்லறை தெரியாத இந்தியர்களின் பெயர்கள் பிரான்ஸில் நவ் ஷப்பேல் என்ற ஊரின் நினைவுச் சுவரில் இருக்கின்றன. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையினரும் போரிட்ட மெசபடோமியப் போர்முனையில் இறந்தவர்களுக்காக இராக்கின் பாஸ்ராவில் எழுப்பிய நினைவுச் சின்னத்திலோ, இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர்களை மட்டும் பொறித்துவிட்டு, சாதாரணச் சிப்பாய்களைப் படைப்பிரிவுவாரியாக இத்தனை பேர் என்று வெறும் எண்ணாகக் குறித்தார்கள். நூறு ஆண்டுகள் கழித்து, 2021 ஏப்ரலில்தான் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. வடஆர்க்காட்டின் எந்தக் கிராமத்திலிருந்து போய் எந்தச் சிப்பாய் அந்த எண்ணுக்குள் அடங்கினான் என்பதை எந்தச் சுவரும் சொல்லாது. வேலூர்ப் பக்கத்துப் பட்டாள ஊர்களிலிருந்து வரும் பயணிகளுக்கு இதைச் சொல்லாத சுற்றுலா, சொல்ல வேண்டியதில் பாதியை விட்டுவிட்டது என்றே நினைக்கிறேன். இருக்கும் பெயர்களையும் அருகில் போய்ப் படிக்க வழியில்லை, தடுப்புச் சங்கிலிக்கு இப்பால் நின்று எழுத்துகளை ஊகிக்கத்தான் முடிகிறது.

வளைவுக்கு நேர் பின்னால் உள்ள விதானத்தில் முன்பு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சிலை இருந்தது, 2022 செப்டம்பர் முதல் அங்கே சுபாஷ் சந்திர போஸ் நிற்கிறார். அதே மன்னருக்காகப் போரிட்டு இறந்தவர்களின் வளைவும், அந்த ஆட்சியை எதிர்த்துப் படை திரட்டியவரின் சிலையும், விடுதலைக்குப் பின் இறந்தவர்களுக்கான தேசியப் போர் நினைவகமும் சில நூறு மீட்டருக்குள் அடங்கியிருக்கின்றன.

தேசியப் போர் நினைவகத்துக்கு நேற்று ஒதுக்கிய நேரம் போதவில்லை என்பதால், இன்று மாலை நாங்கள் இருவர் மட்டும் மறுபடி போனோம். 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட இதை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த யோகேஷ் சந்திரஹாசன் என்பது எனக்குப் பெருமை. நடுவில் 15.5 மீட்டர் உயரத் தூண், அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள். 1972 குடியரசு நாள் முதல் இந்தியா கேட்டின் அடியில் எரிந்த சுடரை 2022 ஜனவரியில் இங்குள்ள சுடரோடு இணைத்துவிட்டார்கள். தியாக சக்ரம் எனப்படும் வட்டத்தில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு கருங்கல் பலகை, அதில் பொன்னிற எழுத்தில் அவர் பெயர். திறப்பு விழாவின்போதே 25,942 பெயர்கள் இருந்தன. இங்கே தடுப்புச் சங்கிலி இல்லை, கல்லைத் தொட்டுப் படிக்கலாம். கார்கிலில் படாலிக் பகுதியில் 1999 மே 29 அன்று வீழ்ந்த மேஜர் சரவணனின் பெயரையும், 2020 ஜூனில் கல்வானில் இறந்த இராமநாதபுரத்து ஹவில்தார் பழனியின் பெயரையும் தேடிக் கண்டுபிடித்தோம். பிறகு சித்தப்பா தம்மோடு பணியாற்றி இறந்த ஒருவரின் பெயரைத் தேடிப்போய், அந்தக் கல்லின் முன் விறைப்பாக நின்று வணக்கம் செலுத்தினார்.

பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் மார்பளவுச் சிலைகளில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இருக்கிறார். பம்பாயில் பிறந்த தமிழர், இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப் படையோடு போய் 1987 நவம்பர் 25 அன்று அங்கே உயிரிழந்தவர். சித்தப்பாவும் 1988இல் அங்கே இருந்தவர். அவர் பொதுவாக அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இன்று சிலையின் முன் நின்று, "நம்ம பாஷை பேசுற சனத்துக்கு நடுவுல துப்பாக்கியோட நின்னோம்மா. அவங்க எங்களைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுல நிக்குது" என்றார். பரமேஸ்வரனின் வீரத்துக்குத் தலை வணங்கும் அதே நேரத்தில், 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் அமைதிப் படையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மருத்துவர்களையும் தாதியரையும் நோயாளிகளையும் அங்குள்ளவர்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள் என்பதையும் தமிழர்களாகிய நாம் நெஞ்சில் வைத்திருக்க வேண்டும். ஒன்று மற்றதை அழித்துவிடாது. இதைச் சொல்ல வழிகாட்டி தேவையில்லை, ஆனால் நின்று நினைக்க நேரம் தேவை.

மாலையில் வீரர் ஒருவரின் குடும்பத்தார் மலர் வளையம் வைக்கும் நிகழ்ச்சி நடந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. சுற்றுலாவில் போகாதவர்களும் இந்த வேளையில் இங்கே வந்தால் நல்லது.

மார்ச் 12, புதன்

விடுப்பு எடுத்துக்கொண்டு சித்தப்பாவை ஆட்டோவில் பிரார் சதுக்கத்துக்கு அழைத்துப் போனேன். ஆர்.கே. புரத்திலிருந்து அதிகத் தொலைவில்லை. வட இந்தியாவின் பல கல்லறைத் தோட்டங்களில் புதைக்கப்பட்டிருந்த காமன்வெல்த் படையினரைக் கொண்டுவந்து 1951இல் இங்கே சேர்த்தார்கள். புல்தரையில் ஒரே அளவான வெண்கற்கள் வரிசையாக நிற்கின்றன. அதிகாரிக்கும் படைவீரனுக்கும் கல்லில் வேறுபாடு இல்லை. படைச் சின்னம், பெயர், இறந்த நாள், வயது, சிலவற்றில் குடும்பத்தார் எழுதச் சொன்ன ஓரிரு வரிகள். இருபது, இருபத்திரண்டு என்ற வயதுகளைத் தொடர்ந்து படிக்கும்போது நடை தானாகவே மெதுவாகிவிடுகிறது.

நம்மவர்கள் எங்கே என்று சித்தப்பா கேட்டார். இந்து, சீக்கிய வீரர்களைப் பெரும்பாலும் அவரவர் மத வழக்கப்படி எரியூட்டினார்கள், ஆகவே அவர்களுக்குக் கல்லறை இல்லை. இரண்டாம் உலகப் போரில் இறந்த பிரிக்கப்படாத இந்தியாவின் 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களைத் தில்லி/கராச்சி நினைவுச் சின்னம் என்ற பெயரில் இங்கும் கராச்சியிலும் ஒருசேர நினைவுகூர்கிறார்கள். அவர்களின் பெயர்கள் கல்லில் இல்லை, பதிவேடுகளில் இருக்கின்றன. ஒரே படையில் போரிட்டு இறந்தவர்களை எல்லைக்கு இரண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடும் இந்த ஏற்பாட்டை விளக்க அரை மணி நேரமாவது வேண்டும். வாசலில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு ஓடுவதைவிட இந்த இடத்தைப் பட்டியலில் சேர்க்காமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

சுற்றுலா நடத்துபவர்களுக்கு நேற்று ஒரு கடிதம் எழுதினேன். குருத்வாராவையும் கன்னாட் பிளேஸையும் வேறு சுற்றுலாக்கள் காட்டிக்கொள்ளட்டும், இதிலிருந்து அவற்றை எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். வெயில் ஏறுவதற்குள் முதலில் பிரார் சதுக்கம், அங்கே ஒரு மணி நேரம். அடுத்து தீன் மூர்த்தியில் இறங்குதல். இந்தியா கேட்டுக்கு இருபது நிமிடம் போதும், மிச்ச நேரத்தைத் தேசியப் போர் நினைவகத்துக்குக் கொடுங்கள். அஜித்கட்டைச் செங்கோட்டையோடு சேர்த்து, 1857-க்கும் 1945-க்குமாகத் தனியாக இன்னொரு அரை நாள் வையுங்கள், அதற்கும் நான் வருவேன் என்று எழுதினேன். பெயர்களைப் பற்றி வழிகாட்டி சொன்னதைத் திருத்தி, அவர் அஜித்கட்டை விளக்கிய விதத்தைப் பாராட்டியும் ஒரு பத்தி சேர்த்தேன்.

இன்று காலை பதில் வந்தது. இந்தியா கேட் பற்றிய தகவலைத் திருத்திக்கொள்வதாகவும், தீன் மூர்த்தியில் இனி நிறுத்துவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்துக்குக் கூடுதல் நேரம் தருவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.