'மேட்' என்ற சொல்லுக்குப் பின்னால் எது வரும்? நான் படித்த முறை

எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வுகளுக்குத் தயாராகும் தம்பி தங்கைகள் ஆங்கிலம் என்றதும் முதலில் கேட்பது பிரிபொசிஷன் பட்டியலைத்தான். இணையத்தில் அது கொட்டிக் கிடக்கிறது. அதை நெட்டுரு போடுவதைவிட, ஒரே ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் எது எது, ஏன் வருகிறது என்று உட்கார்ந்து பார்ப்பதில்தான் எனக்குப் பலன் கிடைத்தது. அதற்குத் தோதான சொல் 'மேக்'. பாஸிவ் வாய்ஸில், அதாவது செயப்பாட்டு வினையில், 'மேட்' ஆனதும் ஆஃப், ஃப்ரம், வித், பை, இன், இன்டு, ஃபார் என்று பலவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

நம்மவர்கள் தடுமாறும் இடம் 'பை'. பள்ளியில் பாஸிவ் என்றாலே 'பை' போடு என்று பழக்கிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு நம் 'ஆல்' உருபு எல்லா வேலையையும் செய்கிறது. மரத்தால் செய்தது, உளியால் செய்தது, தச்சரால் செய்யப்பட்டது: மூன்றுக்கும் ஒரே 'ஆல்'. அதனால் 'மேட் பை வுட்' என்று எழுதும்போது கை கூசுவதே இல்லை.

ஆனால் இதைப் பிரித்துப் பார்க்கும் வழி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று பொருள் சொல்கிறார்களே, அதுதான். கருவியிலும் முதற்கருவி, துணைக்கருவி என்று இரண்டு உண்டு. மரத்தால் சிலை செய்தான் என்றால் மரம் முதற்கருவி, பொருளே அதுதான். உளியால் சிலை செய்தான் என்றால் உளி துணைக்கருவி. வேலை முடிந்ததும் தனியே எடுத்து வைத்துவிடலாம். தச்சர் கருத்தா, அதாவது செய்பவர். இதை ஆங்கிலத்துக்கு அப்படியே கொண்டுபோங்கள். முதற்கருவிக்கு ஆஃப் அல்லது ஃப்ரம், துணைக்கருவிக்கு வித், கருத்தாவுக்கு பை. தமிழ்ப் பாடத்துக்காக இந்தப் பகுதியைப் படித்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, ஆஃபா, ஃப்ரமா? இதற்குப் பனைமரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஓலைப்பெட்டியைப் பார்த்தால் ஓலை கண்ணுக்குத் தெரிகிறது. ஓலை ஓலையாகவே இருக்கிறது. அதனால் 'மேட் ஆஃப் பாம் லீவ்ஸ்'. கருப்பட்டியைப் பார்த்தால் பதநீர் தெரியாது. காய்ச்சி, இறுக்கி, வேறு பொருளாகவே மாறிவிட்டது. அதனால் 'மேட் ஃப்ரம் பாம் சாப்'. பொருள் மாறாமல் இருந்தால் ஆஃப், உருமாறிவிட்டால் ஃப்ரம். பாலிலிருந்து சீஸ், திராட்சையிலிருந்து ஒயின், மணலிலிருந்து கண்ணாடி எல்லாம் ஃப்ரம் வகை. மர மேசை ஆஃப்; மரக்கூழிலிருந்து வரும் காகிதம் ஃப்ரம்.

இந்தக் கோடு இரும்புக் கோடு இல்லை. மர மேசையை 'மேட் ஃப்ரம் வுட்' என்று சொல்லும் ஆங்கிலேயர்களும் உண்டு, அது பிழையும் இல்லை. ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், மேலே சொன்ன வேறுபாட்டை வைத்து முடிவெடுப்பதே பாதுகாப்பு.

வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் இன்டு வரும். பதநீரை எழுவாயாக வைத்தால், அது கருப்பட்டியாக மாற்றப்படுகிறது: 'பாம் சாப் இஸ் மேட் இன்டு ஜாக்கரி'. மூலப்பொருள் முன்னால் நின்றால் இன்டு, செய்து முடித்த பொருள் முன்னால் நின்றால் ஃப்ரம். கேள்வி எடுப்பவர்களுக்கு இந்தத் திருப்பம் வசதியானது. 'கிரேப்ஸ் ஆர் மேட் டேஷ் ஒயின்' என்று கொடுத்துவிட்டு, ஆப்ஷனில் ஃப்ரமையும் வைத்துவிடுவார்கள். அவசரத்தில் திராட்சை, ஒயின் என்ற இரண்டு சொல்லை மட்டும் பார்ப்பவர் ஃப்ரமைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். 'அவுட் ஆஃப்' என்பது பெரும்பாலும் ஒன்றை எடுத்து இன்னொன்றாக ஆக்கும்போது வரும். பழைய சேலையில் தைத்த துணிப்பை 'மேட் அவுட் ஆஃப் ஆன் ஓல்டு சாரி'.

வித்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சமையலில் சேர்க்கும் பொருள்களுக்கு அது வரும். கருப்பட்டி போட்ட காபி 'மேட் வித் பாம் ஜாக்கரி'. காபியில் காபித்தூளும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. அவற்றோடு இதுவும் ஒன்று. நம் 'ஓடு' உருபின் உடனிகழ்ச்சிப் பொருளுக்குப் பக்கத்தில் வருகிறது, பாருங்கள்.

'பை'க்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. 'மேட் பை ஹேண்ட்', 'மேட் பை மெஷின்'. கையும் இயந்திரமும் துணைக்கருவிதானே என்று கேட்கலாம். அங்கே குறிப்பிட்ட ஒரு கையைச் சொல்லவில்லை, செய்யும் முறையைச் சொல்கிறார்கள். ஆர்ட்டிகிள் இல்லாமல் வருவதே அடையாளம். யாருடைய கை என்று சொல்லிவிட்டால் வித் திரும்ப வந்துவிடும்: 'வித் ஹர் ஓன் ஹேண்ட்ஸ்'.

'மேட் இன்' பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அதன் பின்னால் ஒரு கதை உண்டு. பிரிட்டன் 1887-இல் வணிகக் குறிகள் பற்றி ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டுச் சரக்கு பிரிட்டிஷ் சரக்கு போல விற்கப்படுவதைத் தடுப்பதற்காக வந்த சட்டம் அது. குறிப்பாக ஜெர்மன் பொருள்களை மனத்தில் வைத்து வந்தது. எச்சரிக்கையாக ஒட்டிய 'மேட் இன் ஜெர்மனி' பிற்பாடு தரத்துக்கு அடையாளமாகிவிட்டது. தேர்வில் இதைக் கேட்கமாட்டார்கள், தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

இனி வருவது மதிப்பெண் போகும் இடம். 'தே மேட் ஹிம் வெயிட்' என்பதைப் பாஸிவுக்கு மாற்றச் சொன்னால் விடை 'ஹி வாஸ் மேட் டு வெயிட்'. செய்வினையில் இல்லாத 'டு' செயப்பாட்டு வினையில் முளைக்கிறது. அந்த டு பிரிபொசிஷன் இல்லை, அடுத்து வரும் வினையைச் சேர்ந்தது. ஆனாலும் இங்கேதான் சேர்த்துப் படிக்க வேண்டும். 'வாஸ் மேட் வெயிட்' என்ற ஆப்ஷன் காதுக்குப் பழகினதுபோல இருக்கும், நம்பாதீர்கள். சீ, ஹியர் என்ற வினைகளும் இதே வழிதான்: 'ஹி வாஸ் சீன் டு என்டர்'. 'லெட்' மட்டும் இந்த அச்சில் அடங்காது. பாஸிவில் அதைத் தூக்கிவிட்டு 'வாஸ் அலவ்டு டு' என்று போடுவதுதான் வழக்கம்.

எதுவுமே வரக்கூடாத இடமும் ஒன்று உண்டு. 'தோனி வாஸ் மேட் கேப்டன்'. நடுவில் 'ஆஸ்' கிடையாது. நம் ஊர்ப் பேச்சு ஆங்கிலத்தில் 'மேட் ஆஸ் கேப்டன்' சர்வசாதாரணம் என்பதால், பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் இது கண்ணில் படாமலே நழுவிவிடும்.

அப்புறம் 'மேட் அப் ஆஃப்'. உறுப்புகள் சேர்ந்து முழுமை ஆவதைச் சொல்ல இது. தமிழ்நாடு சட்டப்பேரவை 234 உறுப்பினர்களைக் கொண்டது: 'மேட் அப் ஆஃப் 234 மெம்பர்ஸ்'. இதைப் படிக்கும்போதே 'கன்சிஸ்ட் ஆஃப்' என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பொருள் ஒன்றுதான், ஆனால் அதற்குப் பாஸிவ் கிடையாது. 'இஸ் கன்சிஸ்டட் ஆஃப்' என்று எங்கே பார்த்தாலும் பிழை என்று அடித்துவிடலாம். அப் மட்டும் தனியே வந்து 'மேட் அப் ஸ்டோரி' என்றால் கட்டுக்கதை. 'மேட் ஃபார்' யாருக்காக, எதற்காக என்பதைச் சொல்லும். அதில் சிக்கல் இல்லை.

படிக்கும் முறைக்கு வருகிறேன். நோட்டில் பிரிபொசிஷனைத் தலைப்பாகப் போடாதீர்கள். வீட்டில் இருக்கும் ஒரு பொருளைத் தலைப்பாகப் போட்டு, அதைப் பற்றி மேட் வைத்து எத்தனை வாக்கியம் வருமோ அத்தனையும் எழுதுங்கள். இட்லிக்கு எழுதிப் பாருங்கள். ஃப்ரம், வித், பை, இன், ஃபார் எல்லாம் வந்துவிடும். மாவை முன்னால் வைத்தால் இன்டுவும் வரும். எழுதியதைக் கற்போருக்கான ஆங்கில அகராதியில் 'மேக்' பகுதியைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். கையேடுகளில் அச்சுப்பிழை நிறைய.

தேர்வு அறையில் கோடிட்ட இடத்துக்கு முன்னால் இருப்பதைவிடப் பின்னால் இருக்கும் சொல்லை முதலில் படியுங்கள். அது ஆளா, பொருளா, கருவியா, ஊரா என்று தெரிந்துவிட்டால் இரண்டு ஆப்ஷன் அங்கேயே அடிபட்டுவிடும். பிறகு எழுவாயைப் பார்த்து, மூலப்பொருளா செய்த பொருளா என்று முடிவு செய்யுங்கள். எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வான சி.ஜி.எல். முதல் கட்டத்தில் சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறினால் 0.50 போகும். நான்கில் இரண்டை அடித்தபின் மிச்சம் இரண்டில் ஒன்றைத் துணிந்து போடுவது கணக்குப்படி லாபம்தான். எதையுமே அடிக்க முடியவில்லை என்றால் அந்தக் கேள்வியில் நேரத்தைக் கரைக்காமல் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.