ட்ரை டார்ட்டூகாஸ் போகிறீர்களா? பையில் இவை இருக்கட்டும்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், கீ வெஸ்ட் தீவிலிருந்து மேற்கே சுமார் 113 கி.மீ. தள்ளி, நடுக்கடலில் இருக்கும் தேசியப் பூங்கா. அங்கே சாப்பாட்டுக் கடை, குடிநீர், செல்போன் சிக்னல் எதுவும் கிடையாது. மறந்தது மறந்ததுதான்.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது வேண்டும். படகுப் பயணம் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பெரிய பலன் இல்லை.

பலர் கோட்டை விடுவது வெயிலில்தான். ஸ்நார்க்கெல் செய்யும்போது, அதாவது மூச்சுக்குழாயும் கண்ணாடி மாஸ்க்கும் போட்டு மிதந்தபடி கடலுக்குள் பார்க்கும்போது, முகம் தண்ணீருக்குள், முதுகும் முழங்காலின் பின்பக்கமும் வெயிலில். உடம்புக்குக் குளிர்ச்சியாக இருப்பதால் தோல் கருகுவதே தெரியாது. சன்ஸ்கிரீன் தண்ணீரில் கரையும், சில வகைகள் பவளப்பாறைக்கும் கேடு. முழுக்கை நீச்சல் சட்டை, நீளமான நீச்சல் பேன்ட்தான் சரி. முகத்துக்கு மட்டும் துத்தநாக ஆக்ஸைடு கிரீம். மாஸ்க் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ தடவி லேசாக அலசினால் ஆவி படியாது.

அங்கே இருக்கும் பழைய செங்கல் கோட்டையான ஜெஃபர்சன் கோட்டையின் மேல்தளத்தில் தடுப்புக் கம்பி இல்லை, செங்கல்லும் பெயர்ந்திருக்கும். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், ஷூ போடுங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் கையை விடாதீர்கள்.

குப்பைத்தொட்டியும் கிடையாது, இரண்டு காலிப் பைகள் வையுங்கள். சங்கு, சிப்பி எதையும் எடுத்துவராதீர்கள். காலியாகத் தெரிகிற சங்குக்குள் துறவி நண்டு குடியிருக்கலாம்.