சாரா அன்னை கடலுக்கு வரும் நாள்

பிரான்சின் தெற்குக் கரையில், ரோன் ஆறு இரண்டாகப் பிரிந்து மத்தியதரைக் கடலில் சேரும் இடத்தில் கமார்க் என்றொரு சதுப்பு நிலம் இருக்கிறது. உப்பளங்கள், நெல் வயல்கள், கறுப்புக் காளைகள், வெள்ளைக் குதிரைகள், ஆழமில்லாத ஏரிகளில் கூட்டம் கூட்டமாகப் பூநாரைகள். அதன் விளிம்பில், கடலை ஒட்டி இருக்கும் சிற்றூர் செந்த் மரி த லா மேர். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஏறத்தாழ 2,500 பேர்தான். மே மாதக் கடைசியில் மட்டும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகிறார்கள். ஐரோப்பாவின் நாடோடி மக்களான ரோமா, ஜித்தான், மானூஷ் குடும்பங்கள் வண்டி வண்டியாக வந்து தங்கி, தங்கள் தாயான சாராவைக் கும்பிடும் திருவிழா அது. அவளைப் பார்க்கத்தான் நானும் போனேன்.

ஆர்ல் நகரிலிருந்து பேருந்து. வழியெல்லாம் மேடு பள்ளமே இல்லாத சமவெளி என்பதால், ஊர் வருவதற்கு வெகு முன்பே தேவாலயம் கண்ணில் பட்டுவிடுகிறது. முதல் பார்வைக்குக் கோட்டை என்றுதான் சொல்லத் தோன்றும். உயர்ந்த மொட்டைச் சுவர்கள், மேலே கொத்தளம், பெயருக்குச் சில சின்ன ஜன்னல்கள். 12ஆம் நூற்றாண்டில் இப்படிக் கட்டியதற்குக் காரணம் இருந்தது. கடற்கொள்ளையருக்குத் திறந்து கிடந்த கரை இது. 869இல் ஆர்ல் நகரப் பேராயரைக் கமார்க்கில் வைத்தே பிடித்துப் போனார்கள். மீட்புப் பணம் தருவதற்குள் அவர் கப்பலில் இறந்துவிட்டார். கொள்ளையர்களோ அவருக்குத் திருவுடை அணிவித்து, நாற்காலியில் உட்காரவைத்துக் கரையில் ஒப்படைத்துவிட்டுப் போனார்களாம். முற்றுகை நாட்களில் ஊரே உள்ளே அடைக்கலம் புக வேண்டும் என்று கோயிலுக்குள்ளேயே ஒரு கிணறும் வெட்டி வைத்தார்கள். அது இன்றும் இருக்கிறது.

தலபுராணம் இப்படிப் போகிறது. இயேசுவின் கல்லறைக்கு நறுமணப் பொருட்களோடு போன பெண்களில் யாக்கோபின் தாய் மரியாவும் சலோமியும் உண்டு. அவர்களையும் மகதலா மரியா, மார்த்தா, லாசர் முதலானவர்களையும் பாயும் துடுப்பும் இல்லாத ஒரு படகில் ஏற்றிக் கடலில் தள்ளிவிட்டார்கள். படகு இந்தக் கரையில் ஒதுங்கியது. மற்றவர்கள் பிரான்சின் இந்தத் தென்கிழக்குப் பகுதியான புரோவான்ஸ் எங்கும் பிரிந்து போக, இரண்டு மரியாக்களும் இங்கேயே தங்கி இறந்தார்கள். 1448இல் புரோவான்ஸ் பிரபுவான ரெனே மன்னர் தேவாலயத்தைத் தோண்டச் செய்தபோது கிடைத்த எலும்புகளை அவர்களுடையவை என்று ஏற்று, பேழையில் வைத்து மேல்மாடச் சிற்றாலயத்தில் ஏற்றினார்கள்.

சாரா யார் என்பதற்குத்தான் ஒரே பதில் கிடையாது. மரியாக்களோடு வந்த எகிப்தியப் பணிப்பெண் என்பார்கள். இல்லை, இந்தக் கரையிலேயே வாழ்ந்த நாடோடிக் குலத்தின் தலைவி, வந்தவர்களைக் கடலுக்குள் இறங்கி வரவேற்றவள் என்பார்கள். ரோமா மக்கள் சொல்வது இந்த இரண்டாவது கதையைத்தான். கத்தோலிக்கத் திருச்சபை அவளை முறைப்படி புனிதராக அறிவிக்கவில்லை. மக்கள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. அவளைப் புனிதை ஆக்கியது அவர்களுடைய கண்ணீர்தான் என்று அங்கே நின்றபோது உறுதியாக உணர்ந்தேன்.

பலிபீடத்துக்கு அடியில் உள்ள நிலவறைக்குச் சில படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போதே முகத்தில் அனல் அடிக்கிறது. தாழ்ந்த வளைவுக் கூரை புகையேறிக் கறுத்திருக்கிறது. நூற்றுக்கணக்கில் மெழுகுவர்த்திகள். சூட்டில் ஒன்றோடொன்று சாய்ந்து உருகுகின்றன. வலப்பக்கம் சாரா நிற்கிறாள். கறுத்த, சிறிய முகம், தலையில் கிரீடம். முகத்தைத் தவிர மற்ற எல்லாம் துணி. ஒருவர் போர்த்திய அங்கியின் மேல் இன்னொருவர் போர்த்தி, அதன் மேல் வேறொருவர் என்று பட்டும் சரிகையும் பூவேலையும் அடுக்கடுக்காக ஏறி, அவள் உடம்பு ஒரு மணி போல அகன்று நிற்கிறது. நம் ஊரில் அம்மனுக்குப் புடவை சாத்துவது போலவே இதுவும் நேர்த்திக்கடன்தான்.

எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஒரு கைக்குழந்தையின் புகைப்படத்தை எடுத்துச் சாராவின் கன்னத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே அழுத்திப் பிடித்திருந்தார். பிறகு அங்கியின் ஓரத்தைத் தூக்கித் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு, சிலையின் காதருகே குனிந்து ஏதோ பேசத் தொடங்கினார். அவசரமே இல்லை. பின்னால் இவ்வளவு பேர் வியர்த்து நின்றும் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. என் முறை வந்தபோது நான் கொண்டுபோயிருந்த வேண்டுதல்களில் பாதி நினைவில் இல்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். தாயே என்று மட்டும்தான் வாயில் வந்தது.

மே 24 பிற்பகலில் மேலிருந்து பேழைகள் இறங்குகின்றன. பலிபீடத்துக்கு மேலே உயரத்தில் இருக்கும் ஜன்னல் திறந்து, பூச்செண்டுகள் கட்டிய கயிறுகளில் அவை மிக மெதுவாகக் கீழே வரும். அண்ணாந்து பார்க்கும் கூட்டம் மெழுகுவர்த்திகளை உயர்த்திப் பாடுகிறது, நடுநடுவே மரியாக்களுக்கும் சாராவுக்கும் வாழ்த்துக் கோஷம். தொட்டுவிட வேண்டும் என்று குழந்தைகளைத் தோளுக்கு மேல் தூக்குகிறார்கள்.

அப்புறம் பவனி. ரோமா இளைஞர்கள் சாராவைத் தோளில் ஏற்றிக்கொள்ள, வெள்ளைக் குதிரைகளில் கார்தியான் என்னும் கமார்க் மாட்டிடையர்கள் கையில் நீண்ட சூலக்கோலோடு காவல் வருகிறார்கள். குறுகிய தெருக்கள், வயலின், கித்தார், மணியோசை. மணலைத் தாண்டியதும் யாரும் நிற்பதில்லை, குதிரைகளும் சாராவைச் சுமப்பவர்களும் நேராகக் கடலுக்குள் இறங்குகிறார்கள். நானும் முழங்கால் நனைய நின்றேன். அலை அவளுடைய அங்கியின் விளிம்பு வரை எழும்பியது. பூக்களை வீசினார்கள், தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்கள்.

இந்தப் பவனி நெடுங்காலமாக நடப்பது அல்ல, 1935இல்தான் தொடங்கியது. ரோமா மக்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இங்கு வந்துகொண்டிருந்தும், சாரா நிலவறையை விட்டு வெளியே வந்ததில்லை. அவின்யோன் நகரத்துப் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்து, கமார்க்கில் காளை வளர்க்க வந்து தங்கிவிட்ட ஃபோல்கோ தெ பரோன்செல்லிதான் அவர்களுக்காக வாதாடி அந்த உரிமையை வாங்கித் தந்தவர். ஆனால் ஏழே ஆண்டுகளில், 1942இல், ஹிட்லரின் ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு இதே கமார்க்கின் சலியே என்ற இடத்தில் நாடோடிக் குடும்பங்களை அடைத்துவைக்க ஒரு முகாம் திறந்தது. வெளியே நல்ல பெயர் வாங்குவதற்காக, மாட்டிடையர் குடிசைகளைப் போலவே கூரை வேய்ந்து, வெள்ளையடித்துக் கட்டினார்கள். 1944 வரை பசியிலும் நோயிலும் அங்கே வாடியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள் என்ற நினைப்பு வந்ததும் அந்தக் கோஷம் எனக்கு வேறு மாதிரிக் கேட்டது.

இவர்களுடைய முன்னோர் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை மொழி ஆய்வும் மரபணு ஆய்வும் நிறுவிவிட்டன. கடலுக்கு எடுத்துச் செல்லும் சாராவைத் துர்க்கையோடும் காளியோடும் ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் உண்டு. ஆதாரம் தேட எனக்குத் தோன்றவில்லை. போகும் இடமெல்லாம் விரட்டப்பட்டவர்கள் தங்களைப் போல் கறுத்த ஒரு தாயைக் கண்டுகொண்டார்கள், அவளும் அவர்களை விடவில்லை, எனக்கு அது போதும்.

மறுநாள் 25ஆம் தேதி மரியாக்களின் முறை. சின்னப் படகில் நிற்கும் அவர்களுடைய சிலைகளையும் கடலுக்கு எடுத்துச் செல்கிறார்கள். ஆயர் படகிலிருந்து கடலை ஆசீர்வதிக்கிறார். பிற்பகலில் பேழைகள் மறுபடி மேலேறுகின்றன. போக விரும்புகிறவர்கள் அறையைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் ஆர்லில் தங்கி வந்து போவதே வழி. நெரிசல் தாங்காத பெரியவர்களோடு போவதானால் அக்டோபர் 22ஐ ஒட்டி வரும் ஞாயிறு நல்லது. சலோமியின் திருவிழா அது. பேழைகள் அப்போதும் இறங்கும், நிலவறையில் சாராவின் பக்கத்தில் கொஞ்சம் நேரம் நிற்கவும் இடம் கிடைக்கும்.