படுக்கையோரத்துப் புத்தகம்

யூன் 3
ஆர். ஜே. பலாசியோவின் 'வொண்டர்' நாவலை, உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த என் மகளுக்கு நேற்றிரவு வாசிக்கத் தொடங்கினேன். ஒரு பந்தியை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுத் தமிழில் சொல்கிறேன். முகம் வேறுபட்டுப் பிறந்த சிறுவன் ஆகஸ்ட்தான் கதைநாயகன். தன் முகம் எப்படியிருக்கும் என்று விவரிக்க அவன் மறுக்கும் இடத்தில், "அம்மா, அதைத் திருப்பி வாசியுங்கோ" என்றாள். மூன்று தடவை வாசித்தேன்.

யூன் 4
மகளின் அடுத்த சத்திரசிகிச்சைக்குத் திகதி சொல்லக் கிளினிக்கிலிருந்து இன்றும் அழைப்பு இல்லை.

யூன் 7
ஆகஸ்டுக்கு 27 சத்திரசிகிச்சைகள் நடந்தன என்று கேட்டதும், தனக்கு நடந்த இரண்டையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அடுத்தது, இடுப்பிலிருந்து எலும்பெடுத்து மேலீறில் வைப்பது. அதை வேட்டைப்பல் முளைக்க முன்னர் செய்துவிட வேண்டும். அந்தப் பல் எங்கே நிற்கிறதென்று ஒவ்வொரு இரவும் டோர்ச் அடித்துப் பார்க்கிறேன்.

யூன் 10
ஹலோவீன் அத்தியாயம். எல்லோரும் முகமூடி அணியும் அந்த ஒருநாளில்தான் ஆகஸ்ட் தலைநிமிர்ந்து நடக்கிறான். அன்றைக்கே, முகமூடிக்குள் இருப்பது அவன்தான் என்று அறியாமல், நண்பன் ஜாக் அவனைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறான். மகள் அழவில்லை. "கொரோனா நேரம் நானும் எல்லாரையும் போலத்தானே இருந்தனான்" என்று மட்டும் சொன்னாள். காலி வீதி பஸ்ஸில் அவள் இன்றைக்கும் முகக்கவசத்தைக் கழற்றுவதில்லை.

யூன் 12
தமிழ்மொழித் தினப் பாவோதலுக்கு அவளைத் தெரிவுசெய்யவில்லை. 'ச' தெளிவில்லையாம். பன்னிரண்டு வரிகளையும் குளியலறையில் பிழையின்றிச் சொல்கிறாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

யூன் 15
ஐஸ்கிரீம் கடையொன்றில் முகம் வேறுபட்ட ஒரு சிறுமியைக் கண்டு தன் சின்ன மகன் அழுததும், அவசரமாக அவனை அப்பால் கொண்டுபோன நிகழ்விலிருந்தே பலாசியோவுக்கு இந்த நாவல் பிறந்தது. 2012இல் வெளிவந்த இந்தப் புத்தகத்தின் நேர்மை அந்தக் குற்றவுணர்வில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். ஆனாலும் வெள்ளவத்தைக் கடைகளில் நான் எப்போதும் அந்தச் சிறுமியின் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விலகிப்போன தாய்மாரின் முதுகுகளை ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லக்கூடியவள் நான். அவர்களில் ஒருத்தியாவது வீட்டுக்குப் போய் வருந்தியிருப்பாளா என்பதை இன்றுதான் முதன்முறையாக யோசித்தேன்.

யூன் 18
வாசித்து முடித்தோம். ஆகஸ்டுக்குப் பதக்கம் கிடைக்க, மண்டபமே எழுந்து நின்று கைதட்டுகிறது. என் தொண்டை அடைத்தது. மகளோ புருவத்தைச் சுருக்கினாள். "பதக்கம் கிடைக்காட்டி அவனோட விளையாடமாட்டினமோ?"

பதில் சொல்ல முடியவில்லை. எவரும் அனுப்பாமலே, மதிய உணவு மேசையில் அவனருகே வந்து அமரும் சம்மர் என்ற சிறுமியின் பக்கங்களைத் திரும்ப எடுத்து வாசித்தேன். நாவல் அங்கேயே முடிந்திருக்கலாம் என்று எனக்கும் பட்டது.

யூன் 19
பல் இன்னும் வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து, கேட்காமலே, அவளுடைய தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துத் தின்றுவிட்டுப் போனது. மகளுக்கு அப்படியொரு சிரிப்பு.

யூன் 21
அழைப்பு வந்தது. 30ஆம் திகதி காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில். புத்தகத்தைத் தன் பையில் வைத்துவிட்டாள். சம்மர் வரும் பக்கத்தில் பஸ் டிக்கெட் ஒன்று செருகியிருக்கிறது.