வரி போடும் உரிமையை விட்டுக்கொடுத்த பிறகு

வணிகவரித் துறையில் வேலை பார்த்தவன் நான். விற்பனை வரி, வாட், ஜிஎஸ்டி என்று மூன்று காலத்தையும் உள்ளே இருந்து பார்த்தாயிற்று. வெளியே எல்லோரும் வரி விகிதத்தைத்தான் பேசுகிறார்கள், 5 சதவீதமா 18 சதவீதமா என்று. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, மாநிலங்களுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆனது என்பதுதான்.

நான் ஜிஎஸ்டிக்கு எதிரி இல்லை. எல்லை செக்போஸ்ட்டுகளில் லாரிகள் வரிசைகட்டி நின்றதையும், வாங்கிய வெளிமாநிலத்துக்காரர், குறைந்த வரிக்கு ஆதாரமான சி ஃபார்ம் என்ற படிவத்தை அனுப்பாததால் இங்கே விற்ற சின்ன வியாபாரி முழு வரியையும் கட்டச் சொல்லி நோட்டீஸ் வாங்கியதையும் பார்த்தவன், அவை ஒழிந்ததில் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

ஆனால் வரி போடும் உரிமையை விட்டுக்கொடுத்து ஜிஎஸ்டியில் சேர மாநிலங்கள் ஏன் அவ்வளவு தயங்கின என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு மத்திய விற்பனை வரி என்று ஒன்று இருந்தது. பெயரில்தான் மத்திய, பணம் பொருள் கிளம்பும் மாநிலத்துக்கே போகும், அதனால் தமிழ்நாடு மாதிரி செய்து அனுப்பும் மாநிலங்களுக்கு அது முக்கியமான வருமானம். 2007, 2008 இரண்டு தடவையில் அதை 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைத்தார்கள். இழப்பை ஈடுகட்டுகிறோம் என்றது மத்திய அரசு. கொஞ்ச காலம் பணம் வந்தது, அப்புறம் நின்றது, பாக்கி கேட்டு மாநிலங்கள் வருடக்கணக்கில் மன்றாடின. அந்தக் கசப்பு இருந்ததால்தான் ஜிஎஸ்டி பேச்சில், சொன்னால் போதாது, சட்டத்தில் எழுதிக் கொடுங்கள் என்று நின்றார்கள். 2015-16 வருவாயை அடிப்படையாக வைத்து, ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சி, வருவாய் அதற்குக் குறைந்தால் 5 வருடம் மத்திய அரசின் ஈடு. அந்த 14 தாராள மனதால் வந்ததல்ல, நம்பிக்கை இல்லாததால் வந்த விலை.

2020 ஆகஸ்டில் அதுவும் ஆட்டம் கண்டது. கொரோனாவில் வசூல் படுத்துவிட்டது, பற்றாக்குறை 2.35 லட்சம் கோடி என்று கணக்கு, இது கடவுளின் செயல், மாநிலங்களே கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது மத்திய அரசு. மருத்துவமனைக்கும் நிவாரணத்துக்கும் பணம் தேவைப்பட்ட நேரத்தில், சட்டப்படி வரவேண்டிய தொகைக்காக மாநில நிதியமைச்சர்கள் வாதாட வேண்டியிருந்தது! பல மாநிலங்கள் எதிர்த்த பிறகு மத்திய அரசே கடன் வாங்கிக் கொடுத்தது, அந்த வருடம் 1.1 லட்சம் கோடி, அடுத்த வருடம் 1.59 லட்சம் கோடி. 2022 ஜூனில் ஐந்து வருடமும் முடிந்தது, ஈட்டுத்தொகையும் நின்றது. கொடுத்த அதிகாரம் மட்டும் திரும்பவில்லை.

அதிகாரம் என்றால் என்ன என்று கேட்டால் கிரைண்டரைச் சொல்வேன். வாட் காலத்தில் பட்ஜெட்டுக்கு முன்னால் வணிகர் சங்கங்கள் மனுவோடு கோட்டைக்கு வரும், நியாயம் இருந்தால் ஓர் அரசாணையில் விகிதம் குறையும், இல்லாவிட்டால் அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்ப்பார்கள். 2022 ஜூலையில் வெட் கிரைண்டர் வரியை 5-லிருந்து 18 சதவீதமாக்கியபோது, கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருப்பவருக்குச் சென்னையில் முறையிட்டுப் பலனில்லை. இப்போது விகிதத்தை முடிவு செய்யும் இடம் ஜிஎஸ்டி கவுன்சில். அதில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, எதுவும் நிறைவேற நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். மத்திய அரசு வேண்டாம் என்றால் அத்தனை மாநிலங்களும் ஒன்றாக நின்றாலும் நடக்காது. இதை நான் நியாயம் என்று ஒருநாளும் ஏற்கவில்லை.

மத்திய அரசுக்கு இன்னொரு கதவும் இருக்கிறது, வரிக்கு மேல் கூடுதலாகப் போடும் செஸ், சர்சார்ஜ். மத்திய வரிகளில் மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்றது 15-வது நிதிக் குழு. ஆனால் செஸ்ஸும் சர்சார்ஜும் அந்தப் பங்கீட்டுக்குள் வராது, அவற்றை எவ்வளவு ஏற்றினாலும் மாநிலத்துக்குச் சல்லிக்காசு பங்கில்லை.

2025-ல் ஜிஎஸ்டி விகிதங்களைக் குறைத்தார்கள், மக்களுக்கு நல்லதுதான். தமிழ்நாடு உள்பட எட்டு மாநிலங்கள் 2024-25-ஐ அடிப்படையாக வைத்து மறுபடி ஐந்து வருட ஈடு கேட்டன. குறைப்பு செப்டம்பரில் நடந்தது, ஈடு கிடைக்கவில்லை. பணம் போதவில்லை என்றால் மாநிலத்தின் கையில் இன்று முக்கியமாக மிஞ்சியிருப்பது பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி, மின்சாரம் இவ்வளவுதான். மதுக்கடையைக் குறையுங்கள் என்று கேட்கும் நண்பர்களிடம் நான் இந்தப் பட்டியலைத்தான் முதலில் காட்டுகிறேன்.